பத்து மாத அட்வான்ஸ்

(2025 ஏப்ரலில், பெங்களூரு விவேக் நகரில் நடந்த சித்திரைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



என்னைக் கூப்பிட வந்த தம்பிகள், "ஐயா, சித்திரைக் கூட்டம், வசந்தத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தோரு வருஷம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிஷம் லேட் என்று சிவப்பு மையில் குறித்தவனிடம் வந்து வசந்தத்தைக் கேட்டால்? எனக்குத் தெரிந்த பருவங்கள் இரண்டுதான்: போனஸுக்கு முன்பு, போனஸுக்குப் பின்பு. "அப்ப, வேலை போயி திரும்ப எழுந்தீங்களே, அதைச் சொல்லுங்க" என்றார் அவர்களில் ஒருவர். நான் எழுந்தது ஒரு பங்குனி மாசத்தில். ஆகவே தலைப்பை விட்டு ரொம்ப தூரம் போகமாட்டேன் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம் காலண்டரே நமக்காக ஒன்றுகூடியது. மார்ச் 30 யுகாதி. மறுநாள் ரம்ஜான். ஏப்ரல் 14 நம் சித்திரை. வருகிற 20ஆம் தேதி ஈஸ்டர். மூன்று வாரத்துக்குள் விவேக் நகரில் புதுத்துணி எடுக்காத வீடு இருக்காது. எடுக்க முடியாத வீடுகள் இருக்கும். அந்த வீடுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பிப்ரவரி கடைசியில் இந்த ஊரில் டபேபுயா பூக்கும். பேர் வாயில் நுழையாவிட்டாலும் மரம் எல்லாருக்கும் தெரியும்: இலையெல்லாம் கொட்டிவிட்டு, கிளை முழுக்க ரோஸ் கலரில் நிற்குமே, அதுதான். இன்றைக்குப் பிள்ளைகள் அதன் கீழே நின்று போட்டோ எடுக்கிறார்கள். வேலைக்குப் போகிறவன் அந்தப் பூவை பஸ் ஜன்னலில் அரை நிமிஷம் பார்ப்பான். அதை முழுசாகப் பார்க்கிறவன் வேலை இல்லாதவன். பகல் பதினோரு மணிக்கு ஆண்பிள்ளை நடைபாதையில் அண்ணாந்து நின்றால், அவன் ரசிகனாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 2003ல் நான் அப்படி நின்றிருக்கிறேன். அதற்கு முன் இருபது வருஷம் இந்த ஊரில் இருந்தும் அந்த மரம் என் கண்ணில் பட்டதில்லை.

2002 நவம்பரில், கம்பெனியை மூடுகிறோம் என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். கம்பெனி பேர் வேண்டாம். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. அந்த நாட்களில் இது பெரிய செய்தியும் இல்லை. முந்தின வருஷம்தான், 2001 பிப்ரவரி 28ஆம் தேதி, கோலார் தங்கவயல் மூடியிருந்தது. 2002ல் பையப்பனஹள்ளியில் என்.ஜி.இ.எஃப். மூடியது. ஊரின் ஒரு பக்கம் கண்ணாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் சங்கு ஊதுவது நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டப்படி, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி கிராஜுவிட்டி, அதுவும் வருஷத்துக்குப் பதினைந்து நாள் கணக்குத்தான். இருபத்தோரு வருஷத்துக்கு இரண்டையும் கூட்டி நான் தாளில் எழுதிப் பார்த்தேன். தாளில் நன்றாகத்தான் இருந்தது. கைக்கு வர ஆறு வருஷம் ஆயிற்று.

அதுவரை எதைத் தின்றோம்? அட்வான்ஸைத் தின்றோம்.

வெளியூர்க்காரர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாட்களில் பெங்களூரில் வீடு பிடிக்க வேண்டுமென்றால் பத்து மாத வாடகையை முன்கூட்டியே ஓனரிடம் கொடுத்து வைக்க வேண்டும். நாங்கள் இருந்தது இரண்டு அறை, ஷீட் போட்ட சமையல்கட்டு. வாடகை இரண்டாயிரம், அட்வான்ஸ் இருபதாயிரம். குடிவரும்போது அந்த இருபதாயிரத்துக்காக என் மனைவியின் வளையல் போனது. நான் ஓனர்களைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் வேலை போனவனுக்கு அதுதான் இன்ஷூரன்ஸ். டிசம்பர் ஐந்தாம் தேதி ஓனரம்மாவிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். "அட்வான்ஸ்லேயே கழிச்சுக்கலாம் சார், அவசரம் இல்ல" என்று சொல்லி, ஒரு பழைய டைரியை எடுத்து 20,000 என்று எழுதி, கீழே 18,000 என்று எழுதினார். ஜனவரி 16,000. பிப்ரவரி 14,000. மாசாமாசம் நான் போய் நிற்பேன், அவர் எழுதுவார். பூஜ்யம் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து மாசம் தாங்கும், அவ்வளவுதான்.

என் பையன் அப்போது ஏழாவது. அப்பா பகலில் வீட்டிலேயே இருக்கிறாரே என்று சினேகிதப் பையன்கள் கேட்டிருக்கிறார்கள். "எங்கப்பாவுக்கு நைட் ஷிப்ட்" என்றானாம். பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனிடம் நான் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. அவனும் இன்றைக்கு இங்கே வரவில்லை, அதனால் சொல்கிறேன்.

என் மகள் பின்னாளில் சமூகவியல் படித்தாள். ஒருநாள் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து, "அப்பா, இதுல உங்களைப் பத்தி எழுதியிருக்காங்க" என்றாள். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சின்ன ஊர். ஊருக்கே ஒரே துணி ஆலை. 1929-30ல் அது மூடிவிட்டது. மரி யாகோடா என்ற பெண்மணியும், பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் என்ற இருவரும் தங்கள் கூட்டாளிகளோடு அந்த ஊருக்குப் போய் ஆராய்ந்தார்கள், 1933ல் புத்தகமாக வந்தது. போனவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு சும்மா நிற்கக் கூடாது, ஊருக்கு ஏதாவது உபயோகமாகவும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். துணிமணி சேகரித்துக் கொடுத்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். இது எனக்குப் பிடித்தது.

அவர்கள் கண்டதுதான் விஷயம். வேலை போனால் நேரம் நிறையக் கிடைக்கும், படிப்பான், செய்வான் என்று நாம் நினைப்போம். அந்த ஊர் நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்குவது குறைந்துபோனது, காசு கேட்காமலே கொடுத்தும்கூட. ஊரின் பெரிய தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்து, யார் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை தடவை நிற்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நின்று நின்று போனார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களிடம் கடிகாரம் இல்லை. காலையிலிருந்து என்ன செய்தாய் என்று மணிவாரியாக எழுதித் தரச் சொன்னால், ஆண்களால் கட்டங்களை நிரப்ப முடியவில்லை. பெண்களோ நிற்காமல் நடந்தார்கள். ஆலை மூடியது அவர்களுக்கும்தான். ஆனால் அடுப்பு மூடவில்லையே.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. டைம் ஆபீஸ்காரன் நான், என் கையிலும் 2003 முழுக்க வாட்ச் இல்லை. விற்கவில்லை, அடகு வைக்கவில்லை. கட்டவில்லை, அவ்வளவுதான்.

இனி என் மனைவியின் கதை. அவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், தப்பாகச் சொன்னால் அங்கிருந்தே திருத்துவாள்.

அவளுக்குச் சாமியில் பேதம் கிடையாது. நம் குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமை எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்குத் தெரியும். கும்பிட வருகிறவர்களில் யார் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. மெழுகுவர்த்தியும் மாலையுமாக, வேலை வேண்டும், விசா வேண்டும், பிள்ளை வேண்டும் என்று ஆளுக்கொரு வேண்டுதல். எங்கள் வீட்டு வேண்டுதல் எனக்கு வேலை. ஏழெட்டு வியாழக்கிழமை போனாள். 2003 மே மாசம் ஒரு வியாழன், வரிசையில் முன்னால் நின்ற பெண்ணோடு பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் ஓசூர் ரோடில் ஒரு கார்மெண்ட்ஸில் டெய்லர். "ஹெல்பர் எடுக்கிறாங்கக்கா, வரீங்களா" என்று கேட்டிருக்கிறாள். எனக்காகக் கேட்ட வேலை வரிசையிலேயே அவளுக்குக் கிடைத்துவிட்டது.

ஜூன் முதல் வாரம் அவள் காலை 7.40 பஸ்ஸில் ஏறினாள். ஹெல்பர் என்றால் முடிந்த சட்டையில் தொங்கும் நூல் பிசிறை வெட்டும் வேலை. பிறகு செக்கிங், அதற்குப் பிறகு மெஷினில் உட்கார்ந்தாள். நான் வீட்டில் அரிசி களைந்தேன். முதல் சாம்பாரைப் பற்றி அவளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பஸ் லேட். நாலு நிமிஷம் தாமதமாகப் போயிருக்கிறாள், அரைநாள் சம்பளம் போயிற்று. வீட்டுக்கு வந்து அவள் திட்டியது அந்தக் கம்பெனியின் டைம் ஆபீஸ்காரனை. "நெஞ்சுல ஈரம் இருக்கிறவனா அவன்?" என்றாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன், கண்ணில் தண்ணீருக்கு ஒரு சாக்கு இருந்தது. இருபத்தோரு வருஷம் அந்த ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன் நான். நாலு நிமிஷம், ஆறு நிமிஷம் என்று எத்தனை பேருக்குக் குறித்திருப்பேன். அந்த நிமிஷங்களுக்குப் பின்னால் ஒரு பஸ்ஸும், பால் பொங்கிப்போன அடுப்பும், காய்ச்சல் கண்ட பிள்ளையும் இருக்கும் என்று எனக்கு ஒருதரம்கூடத் தோன்றியதில்லை. ரூல் ரூல்தான், இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் சிவப்பு மை எனக்குப் பிடிக்காமல் போனது அன்றைக்குத்தான்.

ஜூலையிலிருந்து வாடகையை அவள் சம்பளத்தில் கொடுத்தோம். ஓனரம்மாவின் டைரியில் கணக்கு 6,000 என்ற இடத்தில் நின்றது.

தங்கவயலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. இந்த அவையில் பலருக்கு அங்கே ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருப்பார்கள். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தோண்டிய ஊர். சிவசமுத்திரத்து மின்சாரம் 1902லேயே அங்கே போய்விட்டது, பெங்களூருக்கு 1905ல்தான் வந்தது. அப்பேர்ப்பட்ட ஊரில் ஒரே நாளில் சங்கு நின்றது. லைன் வீடுகளில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ரயிலைப் பிடித்தார்கள். மாரிக்குப்பத்திலிருந்து விடியும் முன்னே கிளம்பும் வண்டியில் ஏறி, பங்காரப்பேட்டை வழியாக, ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி இந்த ஊருக்கு வந்து, ராத்திரி திரும்பினார்கள். இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். திரும்பும் வண்டியில் பெண்கள் மடியில் பேப்பரை விரித்துக் கீரை ஆய்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் அடுப்பு கண்டோன்மெண்ட் தாண்டும்போதே பற்றிக்கொள்கிறது.

அதைப் புதுவாழ்வு என்று பத்திரிகையில் எழுதுவார்கள். எனக்கு அவ்வளவு தாராளமாகச் சொல்ல வரவில்லை. பாறைக்கு வெடி வைக்கத் தெரிந்தவன் இங்கே அப்பார்ட்மெண்ட் வாசலில் கம்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கைத்தொழில் போனது போனதுதான். ஆனால் நாலு மணிக்கு எழ வேண்டும் என்ற கட்டாயம் திரும்ப வந்தது. அதன் அருமை எனக்குத் தெரியும்.

சரி, என் பங்குனிக்கு வருகிறேன். 2004 மார்ச். மகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. நமக்கு வசந்தம் என்றால் பூ ஞாபகம் வரும். வியாபாரிக்கு மார்ச் முடிவு. முப்பத்தொன்றுக்குள் சரக்கை எண்ணிக் கணக்கில் ஏற்ற வேண்டும். எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில், எண்ணுவதற்குப் பதினைந்து நாளைக்கு ஆள் வேண்டும் என்று பழைய சக ஊழியர் ஒருவர் சொல்லிவிட்டார். போனேன். கீல், தாழ்ப்பாள், குழாய்த் திருகு, ஒன்றரை இஞ்ச் ஆணி. ஆணியை எண்ண மாட்டார்கள், நிறுப்பார்கள் என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது. ரெஜிஸ்டர் எழுதும் கை எனக்கு. பதினைந்து நாள் முடிந்ததும் முதலாளி, "ஏப்ரல்லயும் வாங்க" என்றார். சம்பளம் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. பதினாறு மாசத்துக்குப் பிறகு கிடைத்த வேலை.

முதல் நாளுக்கு முந்தின ராத்திரி என் டிபன் பாக்ஸைப் பரணிலிருந்து இறக்கினேன். மூடியில் இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து விரிசல் விட்டிருந்தது. எடுத்தால் கையோடு நொறுங்கிற்று. மனைவி பார்த்துவிட்டு, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கட்டணும்?" என்று கேட்டாள். எட்டரைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் 7.40 பஸ்ஸுக்குப் போகிறவள். "நானே கட்டிக்கிறேன். உனக்கும் சேர்த்துத்தான்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை என் பாக்ஸுக்குக் கீழே ஒரு துணியைச் சுற்றி வைத்திருந்தாள், குழம்பு ஒழுகாமலிருக்க.

எல்லாரும் என்னிடம் "வேலை கிடைச்ச அன்னிக்கு எப்படி இருந்தது" என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் வீடு எழுந்தது அன்றைக்கு இல்லை. ஒன்பது மாசம் முன்னால், அவள் பஸ் ஏறிய ஜூன் காலையிலேயே எழுந்துவிட்டது. நான் பின்னால் வந்து சேர்ந்துகொண்டேன். முடிந்தது எப்போது என்று கேட்டால் அதற்கும் தேதி இருக்கிறது. அந்த யுகாதிக்கு ஓனரம்மா வேப்பம்பூவும் வெல்லமும் கிண்ணத்தில் கொண்டுவந்தார். கூடவே டைரியும். அட்வான்ஸை மறுபடி நிரப்ப வேண்டுமே. வாடகையோடு மாசம் ஐந்நூறு சேர்த்துத் தருகிறேன் என்றேன். கரைத்தது பதினாலாயிரம். ஏழே மாசத்தில் தின்றது, நிரப்ப இருபத்தெட்டு மாசம் பிடித்தது. 2006 ஜூலையில் டைரியில் மறுபடி 20,000 என்று எழுதினார். எழுதிவிட்டு, அடுத்த மாசத்திலிருந்து வாடகை 2,300 என்றார். பெங்களூர் ஓனர் அல்லவா.

இன்னொரு வசந்தமும் எனக்கு மறக்காது. 2016 ஏப்ரல். அந்த வருஷம் பிப்ரவரி 10ஆம் தேதி மத்திய அரசு ஓர் அறிவிப்பு விட்டிருந்தது: பி.எஃப்.பில் கம்பெனி போடும் பங்கை 58 வயசு வரைக்கும் எடுக்க முடியாது. டில்லியில் எழுதியவர்களுக்கு அது முதுமைக்காலச் சேமிப்பு. கார்மெண்ட்ஸ் பெண்ணுக்கு அது வேறு. அவள் மூன்று நாலு வருஷத்துக்கொருதரம் வேலையை விடுவாள், பி.எஃப். எடுப்பாள், பிள்ளையின் காலேஜ் பீஸோ வீட்டு லீஸோ கட்டுவாள், அடுத்த கம்பெனியில் சேருவாள். ஏப்ரல், மே மாசத்தில்தான் அந்தப் பணம் வேண்டும். ஐம்பத்தெட்டு வயசு வரை மெஷினில் உட்கார முதுகு தாங்குமா என்று எழுதியவர்களுக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 18ஆம் தேதி ஓசூர் ரோடில் பெண்கள் வெளியே வந்தார்கள். எந்தச் சங்கமும் கூப்பிடவில்லை. ஆயிரக்கணக்கில் வந்து ரோடில் நின்றார்கள், ஊர் அசையவில்லை. மறுநாள் கலவரமும் ஆயிற்று, பஸ்கள் எரிந்தன, போலீஸ் அடித்தது. அதை நான் மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே அந்த அறிவிப்பை வாபஸ் வாங்குவதாக மத்திய அரசு சொல்லிவிட்டது. இரண்டு நாளில். என் மனைவி பொம்மனஹள்ளியிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தாள். கால் வீங்கியிருந்தது. "கல்லெல்லாம் எடுக்கலைங்க. ஆனா நின்னேன்" என்றாள். மறுநாள் காலை 7.40 பஸ்.

இன்றைக்கு வேலை போகிறது வேறு மாதிரி. கேட்டில் நோட்டீஸ் இல்லை, மெயிலில் வருகிறது. நம் தெரு டீக்கடையில் காலை பதினொன்றுக்கு முதுகுப்பையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பையில் லேப்டாப் இருந்தால் அதன் கனம் தெரியும், இது வெறும் பை. வீட்டில் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் கேட்பதில்லை. டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், அதற்கே ஒருவன் கோபித்துக்கொண்டான்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். டைம் ஆபீஸில் இருந்தவனுக்கே சீட்டு.

கடைசியாக ஒரு அறிவிப்பு. வேலை போனவர்கள் பி.எஃப்.பில் முக்கால் பங்கை எடுக்கலாம், மீதிக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். 2018லேயே வந்த ஏற்பாடு, இன்னும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இந்த 2025 ஏப்ரல் விதிப்படி, இ.எஸ்.ஐ.யில் இருந்தவர்கள், அதாவது சம்பளம் இருபத்தோராயிரத்துக்குள் இருந்தவர்கள், தகுதி இருந்தால் தொண்ணூறு நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதி கேட்கலாம். ஆயுளில் ஒருதரம்தான் கொடுப்பார்கள். நம் ஆட்களுக்கு மாட்டிக்கொள்வது பேரில். ஆதாரில் அப்பா பேர் முழுசாக இருக்கும், பி.எஃப்.பில் வெறும் இனிஷியல் இருக்கும், கிளெய்ம் திரும்பி வந்துவிடும். ஆதார், பேங்க் பாஸ்புக், யு.ஏ.என். நம்பர் மூன்றையும் எடுத்து வந்திருப்பவர்கள் இருந்தால், டீ கொடுத்து முடியும்வரை நான் அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். கண்ணாடி கொண்டுவந்திருக்கிறேன். பேனா நீல மைதான்.